தாண் வரைக்கும்

"தாண் முதல் பெயெர்செபாமட்டும்" என்று ஞாயிறு பள்ளிக் காலத்திலிருந்தே வாசித்து வாசித்து, அது இஸ்ரவேல் தேசம் முழுவதையும் சொல்கிற ஒரு வழக்காகவே மனதில் பதிந்துவிட்டது. வடகோடியில் இருக்கிற அந்தத் தாணுக்குள் ஒருநாள் நடப்பேன் என்று நினைத்ததில்லை. அப்பா இறந்தபிறகு என்னைப் படிக்கவைத்த அத்தையோடு போனேன், அவருக்கு முட்டிவலி, அதனால் எங்கள் குழுவில் நாங்கள்தான் கடைசி.

பஸ்ஸை விட்டு இறங்கியதுமே தண்ணீர்ச் சத்தம். எர்மோன் மலையில் உருகுகிற பனி பாறைக்குள் இறங்கி இங்கே ஊற்றாகப் பொங்குகிறது, யோர்தானுக்கு அதிகத் தண்ணீர் தருவது இதுதான். கால் நனைக்கிற இடத்தில் ஒரு நிமிஷம்கூட நிற்க முடியவில்லை, அவ்வளவு குளிர்ச்சி. லாயீஸ் என்ற பழைய ஊரைத் தாண் கோத்திரத்தார் ஏன் பிடித்துக்கொண்டார்கள் என்று நியாயாதிபதிகள் 18-ஐ அப்போதுதான் சரியாகப் புரிந்துகொண்டேன்.

மரநிழலில் கொஞ்சம் ஏறினால் இஸ்ரவேலின் ராஜா யெரொபெயாம் கட்டிய மேடை. பலிபீடம் இருந்த இடத்தில் அதன் அளவுக்கு ஒரு இரும்புச் சட்டம் நிறுத்தியிருக்கிறார்கள். எருசலேமுக்குப் போவது உங்களுக்கு வருத்தம் என்று ஜனங்களிடம் சொல்லி அவன் வைத்த இரண்டு பொன் கன்றுக்குட்டிகளில் ஒன்று இங்கேதான் இருந்தது. இத்தனை தண்ணீரும் நிழலும் உள்ள ஊரில் அந்தப் பேச்சு எவ்வளவு சுலபமாக எடுபட்டிருக்கும்! எனக்கு அங்கே ஜெபிக்க வாய் வரவில்லை, சும்மா நின்றேன்.

அப்புறம் பட்டணத்து வாசல். மூப்பர்கள் உட்கார்ந்து வழக்கு பேசுகிற கல் திண்ணை இன்னும் அப்படியே இருக்கிறது, அத்தை அதில் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டார். 1966-லிருந்து அவ்ராம் பீரான் என்ற தொல்லியல் ஆய்வாளர் தோண்டிய இடம் இது. 1993-ல் இந்த வாசலுக்குப் பக்கத்துச் சுவரில்தான் அந்தக் கருங்கல் துண்டு கிடைத்தது. இஸ்ரவேலை ஜெயித்தேன் என்று ஒரு அராமிய ராஜா பெருமையடித்து வெட்டிவைத்த கல், அதில் "தாவீதின் வீடு", அதாவது தாவீது ராஜாவின் வம்சம், என்று இருக்கிறது. தாவீது என்று ஒருவர் இருந்தாரா என்று கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்குச் சத்துரு கையாலேயே பதில் எழுதிவைத்திருக்கிறார் கர்த்தர், நான் அப்படித்தான் பார்க்கிறேன். கல் இப்போது எருசலேம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கடைசியாக, கூரை போட்டுக் காத்துவைத்திருக்கிற மண்செங்கல் வளைவு வாசல். வயது 3,700 வருஷத்துக்கு மேல், ஆபிரகாம் வாசல் என்கிறார்கள். சிறைபிடித்துப்போன லோத்தை மீட்க 318 பேரோடு ஆபிரகாம் தாண் வரைக்கும் துரத்தினார் என்று ஆதியாகமம் 14 சொல்கிறது. அவர் குடியிருந்த எபிரோனிலிருந்து இங்கே ஏறக்குறைய 200 கிலோமீட்டர்.

அத்தை கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்த வளைவையே ரொம்ப நேரம் பார்த்தார். "கூடப்பிறந்தவன் பிள்ளைக்காகத்தானய்யா இம்புட்டு தூரம் வந்திருக்காரு" என்றார். பஸ் ஹாரன் அடித்தது. நான் அவர் கையைப் பிடித்து மெதுவாக இறக்கிக் கூட்டிவந்தேன்.