குழி விழுந்த விசைத்தகடு

மே 4
ஆற்காட்டுப் பக்கத்து அண்ணன் ஒருவர் பழைய சிக்கிமுக்கித் துப்பாக்கியின் விசைத்தகட்டை, அதாவது சுடும் விசையைத் தாங்கும் பக்கத்து இரும்புத் தகட்டை, கொண்டுவந்தார். தகடு மட்டும்தான், குழலும் கட்டையும் எப்போதோ போய்விட்டன. பரணில் கிடந்து முகத்தில் அம்மை வடு போல முழுக்கக் குழி. “1806-ல நம்ம வேலூர்க் கோட்டையில நடந்த சிப்பாய்ச் சண்டையில இருந்தது தம்பி. பளபளன்னு ஆக்கிக் குடு” என்றார். அரம் போட மாட்டேன் என்று சொல்லித்தான் வாங்கி வைத்தேன். குழி மறையும்வரை தேய்த்தால் முத்திரை ஏதும் இருந்தால் அதற்கு முன்பே மறைந்துவிடும், ஓரங்களும் மழுங்கிவிடும்.

மே 5
எண்ணெயில் ஊறுகிறது.

மே 8
அசிட்டோனால் எண்ணெய்ப் பசையைப் போக்கிவிட்டு, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் அரை மணி நேரம் கொதிக்கவிட்டேன். சிவப்புத் துரு கறுப்பாக மாறியது. இந்தக் கறுப்பு இரும்போடு இறுகி ஒட்டிக்கொள்ளும், அதை விட்டுவைக்கலாம். மேலே பொடியாக நிற்பதை மட்டும் மிக நைஸான ஸ்டீல் வுல்லால் துடைத்தேன். போர்வெல் தண்ணீர் இதற்கு ஆகவே ஆகாது. ஏற்கெனவே குழியின் அடியில் உட்கார்ந்திருக்கும் உப்புதான் ஈரத்தை இழுத்து மறுபடி துருவைக் கிளப்புகிறது, அதில் இன்னும் உப்பைச் சேர்ப்பானேன்? தண்ணீரை மாற்றி மாற்றிக் கொதிக்கவிட்டேன். ஆசிட்டில் முக்கச் சொல்பவர்கள் உண்டு. அது நல்ல இரும்பையும் சேர்த்துத் தின்னும், குழிக்குள் தங்கிவிட்டால் கழுவி எடுப்பதும் கஷ்டம்.

மே 9
காலை வெயிலில் தகட்டைச் சாய்த்துப் பார்த்தபோது முத்திரை தெரிந்தது. பின்னங்காலில் நின்று கிரீடம் பிடித்திருக்கும் சிங்கம்! கிழக்கிந்தியக் கம்பெனி தன் பழைய இதயக் குறியை விட்டு இந்தச் சிங்கத்துக்கு மாறியது 1808 வாக்கில். அப்படியென்றால் 1806 ஜூலை 10 விடியலில் இது வேலூர்க் கோட்டையில் இருந்திருக்க முடியாது. அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. “அப்ப எங்க தாத்தா சொன்னது?” என்றார். கம்பெனிக்காகச் செய்த தகடு என்பதற்கு அந்தச் சிங்கமே சாட்சி, அதையாவது தேய்க்காமல் விடுவோம் என்றேன். சரி என்றார்.

மே 11
ஆழக் குழிகளில் இன்னும் கொஞ்சம் சிவப்பு. டானிக் அமிலத்தைக் கரைத்துப் பிரஷ்ஷால் தடவினேன், நீலக் கறுப்பாக மாறி நின்றுவிட்டது. ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கம் தோல் பதனிடப் போட்ட கடுக்காயிலும் ஆவாரம் பட்டையிலும் இருக்கும் துவர்ப்புச் சத்தும் இந்த வகைதான். நம்ம ஊர்க்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

மே 12
தகட்டை மாடி வெயிலில் சூடேற்றி, குழிக்குள் இறங்கும்படி மெழுகு தடவினேன். நாளை திருகுகள். ஒன்றின் தலையிலுள்ள வெட்டு முழுக்க மழுங்கியிருக்கிறது. அதற்குப் பொருந்தும்படி ஒரு ஸ்க்ரூடிரைவரின் முனையைத் தேய்த்துக்கொள்ள வேண்டும்.