ஓபியை ஒப்படைக்கும் இரண்டு வாரம்

மார்ச் 3, திங்கள்

எனக்கு 17ஆம் தேதி கீமோ தொடக்கம், மருந்து பாக்லிடாக்சல். டோஸ் ஏற ஏற விரல்நுனிகள் மரத்துப்போவது இந்த மருந்தில் சகஜம். ஆகவே முதலில் நிறுத்த வேண்டியது அறுவை அரங்கு வேலையும் பிரசவ அறை வேலையும்தான்.

கருப்பை வாய் எத்தனை சென்டிமீட்டர் திறந்திருக்கிறது, குழந்தையின் தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதெல்லாம் விரலால் படிக்கிற விஷயம். பிரசவம் முன்னேறுகிறதா என்பதை இரண்டு பரிசோதனைகளுக்கு நடுவில் உள்ள வித்தியாசத்தை வைத்துத்தான் சொல்கிறோம். முதல் அளவு தப்பாக இருந்தால், நான்கு மணி நேரம் கழித்து வேறொருவர் சரியாகப் பார்த்தாலும் முடிவு தப்பும். "முடிகிற வரை பார்க்கலாம்" என்பது இந்தத் துறையில் எடுபடாது.

மார்ச் 4, செவ்வாய்

கர்ப்பிணிகளின் பட்டியல், பிரசவத் தேதி வரிசையில். 36 வாரம் தாண்டியவர்களுக்கு இந்த வாரமே நேரில் கைமாற்றம். மற்றவர்களுக்கு ஆளுக்கு ஒரு பக்கக் குறிப்பு.

அந்தப் பக்கத்தில் பிரசவத் தேதி மட்டும் போதாது. அது எந்த ஸ்கேனை வைத்துக் கணித்தது என்பதும் வேண்டும். முதல் மூன்று மாத ஸ்கேன் தேதியைக் கடைசி மாத ஸ்கேனைப் பார்த்து மாற்றினால், வளர்ச்சி குன்றிய குழந்தை "வாரம் குறைவு" என்ற பெயரில் ஒளிந்துகொள்ளும். "முன்பு சிசேரியன்" என்று மொட்டையாக எழுதுவதும் ஆபத்து. தழும்பு கருப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காகவா, மேல்பகுதியில் நெடுக்காகவா? நெடுக்குத் தழும்பு என்றால் வலி வரும்வரை காத்திருக்கக் கூடாது, கருப்பை கிழியலாம்.

ஆர்ஹெச் நெகட்டிவ் பெண்களுக்கு, குழந்தையின் ரத்தத்துக்கு எதிராகத் தாயின் உடல் திரும்பாமல் தடுக்கும் 28ஆம் வார ஆன்டி-டி ஊசி போட்டாயிற்றா? பிறக்கும் குழந்தை பாசிட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று. ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்களுக்கு நிறுத்தும் வாரத்தையும் எழுதியாக வேண்டும்.

மார்ச் 6, வியாழன்

குறைப்பிரசவத்தைத் தடுக்கக் கருப்பை வாய்த் தையல் போட்டவர்களுக்குத் தனிச் சீட்டு. வழக்கமாக 36-37 வாரத்தில் பிரிக்க வேண்டும். தையலோடு வலி எடுத்தால் கருப்பை வாய் கிழியலாம். முடிச்சு எந்தப் பக்கம், எத்தனை நூல் என்று எழுதிவிட்டால் பிரிப்பவருக்குத் தேடுகிற வேலை மிச்சம். வயிறு வழியாகப் போட்ட தையல் வேறு சங்கதி. அதை யோனி வழியாகப் பிரிக்க முடியாது, பிரசவம் சிசேரியன்தான்.

மார்ச் 8, சனி

இன்று முழுக்க உள்ளே வைத்த பொருட்கள். ஓபி வரிசையில் நிற்பவர்கள் யாரும் தொலைவதில்லை. தொந்தரவே இல்லாததால் வராமல் இருப்பவர்கள்தான் தொலைகிறார்கள்.

முதலில் கருப்பை இறக்கத்துக்கு வளையம் வைத்த பாட்டிகள். தாமே கழற்றி மாட்டத் தெரியாதவர்களுக்குச் சில மாதங்களுக்கு ஒருமுறை எடுத்துக் கழுவி, யோனிச் சுவரில் புண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மறந்துபோனால் வளையத்தைச் சுற்றிச் சதை வளரும். முற்றினால் சிறுநீர்ப்பைக்கோ மலக்குடலுக்கோ ஓட்டை விழும். கெட்ட வாடையும் வெள்ளையும்தான் முதல் அறிகுறி. வயசானவர்கள் கூச்சத்தில் அதைச் சொல்லமாட்டார்கள்.

காப்பர்-டி 380ஏ பத்து ஆண்டு தாங்கும், அவசரமில்லை. வைத்த தேதி போதும். மூன்று மாதக் கருத்தடை ஊசிக்காரர்களுக்கு அடுத்த தேதி எழுதித் தர வேண்டும். எலும்புத் தேய்வுக்கு டெனோசுமாப் போடுகிறவர்களுக்குச் சிவப்பு மை. ஆறு மாத ஊசி தள்ளிப்போனால் எலும்பு வேகமாகக் கரைந்து, முதுகெலும்பில் ஒன்றுக்கு மேற்பட்ட முறிவுகள் வரலாம்.

மார்ச் 10, திங்கள்

வராத ரிப்போர்ட்டுகள். அனுப்பிய மாதிரிகளின் பதிவேட்டையும் ஆய்வகப் பட்டியலையும் அருகருகே வைத்து, வரிவரியாக டிக் அடிப்பதைத் தவிர வழியில்லை. ஆய்வகத்தில் டாக்டர் பெயரை மாற்றாவிட்டால், புற்று என்று வரும் பயாப்சி முடிவு யாரும் திறக்காத மெயிலில் கிடக்கும். போனில் சொன்னால் மாறாது. எழுத்தில் கொடுத்து, ஒரு ரிப்போர்ட் புதியவருக்குப் போய்ச் சேர்ந்ததைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

முத்துப்பிள்ளைக் கர்ப்பம் (குழந்தைக்குப் பதில் நீர்க்கட்டிகள் போலத் திசு வளர்வது) கலைத்தவர்களுக்கு, ஹெச்சிஜி என்ற கர்ப்ப ஹார்மோன் இயல்புக்கு வரும்வரை வாராவாரம் ரத்தப் பரிசோதனை. ஒப்படைப்பில் ஒரு வாரம்கூட விடக் கூடாது. அதற்குள் மறுபடி கர்ப்பமானால், அளவு ஏறுவது குழந்தையாலா மிச்சமிருக்கும் திசுவாலா என்று பிரித்தறிவது கடினம். கருத்தடை முறையையும் அதே சீட்டிலேயே எழுதுவது நல்லது.

மார்ச் 12, புதன்

நோயாளிகளிடம் எவ்வளவு சொல்வது? நோயின் பெயர் தேவையில்லை. முன்மேசையில் எல்லோரும் ஒரே வாக்கியம் சொல்ல வேண்டும்: "மேடத்துக்கு உடம்பு சரியில்லாததால பிராக்டீஸை நிறுத்தியிருக்காங்க. திரும்பி வர தேதி எதுவும் இல்லைங்க. உங்க ஃபைல் புது டாக்டர்கிட்ட இருக்கு, என்னைக்கு வர்றீங்க?"

"சீக்கிரம் வந்துடுவாங்க" என்பதுதான் ஆபத்தான ஆறுதல். மாதவிடாய் நின்று இரண்டு வருஷம் கழித்து ரத்தம் பட்டவர், "மேடம் வரட்டும்" என்று காத்திருப்பார். புற்று இருக்கிறதா என்று உடனே கருப்பை உட்சவ்வுப் பரிசோதனை செய்ய வேண்டியவர் அவர்.

டாக்டர்மீது வரும் வழக்குகளுக்கான காப்பீட்டு பாலிசியை இப்போதே நிறுத்தக் கூடாது. வழக்குகள் சிகிச்சை முடிந்து ஆண்டுகள் கழித்தும் வரும்.

மார்ச் 16, ஞாயிறு

வளையப் பட்டியலில் இரண்டு பேருக்குப் போன் எண் மாறியிருக்கிறது. பதிவுத் தபால் எழுதியாயிற்று. நாளைக் காலை சிஸ்டர் அனுப்புவார். திரும்பி வந்தால், பழைய பிரசவப் பதிவேட்டில் மகளின் எண் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறது.