நெவாடா வெள்ளிப் பாளம்: ஊர் பேரைக் கடைசியா பாருங்க

பழைய அமெரிக்க வெள்ளிப் பாளம் ஏலத்துக்கு வந்தா எல்லாரும் முதல்ல ஊரையும் வருஷத்தையும்தான் பார்க்கிறாங்க, நெவாடா சுரங்க ஊரான 'விர்ஜினியா சிட்டி' பேரும் 1863-ம் குத்தியிருந்தா போதும், விலை எங்கயோ போயிடுது. ஊர் பேரை யாரு வேணா குத்தலாங்க. நான் முதல்ல பார்க்கிறது அதுல இருக்கிற கணக்கை.

1859-ல நெவாடா பக்கம் காம்ஸ்டாக் சுரங்கம் கிடைச்ச கதை தெரிஞ்சிருக்கும். தங்கம் அரிக்க வந்தவங்க, வேலைக்கு இடைஞ்சலா இருக்குன்னு திட்டித் தூக்கிப்போட்ட நீல மண்ணை கலிஃபோர்னியாவுக்குக் கொண்டுபோய் சோதிச்சா டன்னுக்கு 3,000 டாலர் வெள்ளி, கூட 876 டாலருக்குத் தங்கம்னு சொல்லிட்டாங்க. இந்த 'கூடத் தங்கம்' இருக்கே, அதுதான் நமக்கு வேணும். அங்க உருக்கின வெள்ளியில தங்கமும் கலந்தே வரும், ரெண்டையும் ஆசிட் வெச்சுப் பிரிக்கிற வேலை பெரும்பாலும் அப்புறம்தான். அதனால அஸ்ஸேயர் (உலோகத்தோட மாத்தைச் சோதிச்சுச் சொல்றவர்) என்ன பண்ணுவார்னா, பாளத்தோட மூலையில சின்னதா வெட்டி எடுத்து, புடம் போட்டு மாத்து பார்த்துட்டு, வரிசை நம்பர், ட்ராய் அவுன்ஸ்ல எடை, தங்க மாத்து, வெள்ளி மாத்து, ரெண்டுக்கும் தனித்தனி விலை, மொத்தம்னு எல்லாத்தையும் மேலேயே குத்திடுவார். மளிகைக்கடை பில்லு மாதிரிதான், அழகுக்குக் குத்தினது இல்ல.

பில்லுன்னா கூட்டிப் பார்க்கலாம்ல? அப்போ தங்கம் அவுன்ஸ் 20.67 டாலர், வெள்ளிக்கு அரசாங்க நாணயக் கணக்குல 1.2929. உதாரணத்துக்கு 50 அவுன்ஸ் பாளம், தங்கம் 020, வெள்ளி 970னு வெச்சுக்குவோம் (ஆயிரத்துக்கு இவ்வளவுன்னு அர்த்தம்). தங்கம் சரியா 1 அவுன்ஸ், 20.67 டாலர். வெள்ளி 48.5 அவுன்ஸ், 62.71. மொத்தம் 83.38 வரணும். சில சென்ட் முன்னப்பின்ன இருந்தா பரவால்ல, டாலர் கணக்குல உதைச்சா நான் ஒதுங்கிடுவேன். அப்படியே தராசுல வெச்சும் பாருங்க, குத்தியிருக்கிற எடைக்கும் இப்போ இருக்கிற எடைக்கும் பெரிய வித்தியாசம் வர்றதுக்குக் காரணமே இல்ல.

அடுத்தது எல்லை. 1861 மார்ச் வரைக்கும் அந்த இடம் யூட்டா டெரிட்டரி (டெரிட்டரின்னா இன்னும் மாநிலம் ஆகாத அமெரிக்கப் பகுதி), அப்புறம் நெவாடா டெரிட்டரி, 1864 அக்டோபர் 31-லதான் மாநிலம் ஆச்சு. 1860னு போட்டு நெவாடா டெரிட்டரின்னு குத்தின பாளம் வந்தா சிரிச்சிட்டு அடுத்த பக்கம் போயிடுங்க. ஐடஹோவுக்கு 1863, மோன்டானாவுக்கு 1864, இதுக்கு முன்னாடி அந்தப் பேர்ல டெரிட்டரியே கிடையாது.

எக்ஸ்ரே மெஷின்ல சோதிச்சோம், சுத்தமான 999 வெள்ளின்னு விக்கிறவர் பெருமையா சொல்வார், 1863 காம்ஸ்டாக் பாளத்துக்கு அது எனக்கு சந்தேகத்தைத்தான் கூட்டும், தங்கம் எங்கப்பா போச்சு? ஆனா அந்த மெஷின் மேல் தோலை மட்டும்தான் படிக்கும், அதையும் முழுசா நம்பக்கூடாது.

குத்தின எழுத்தை லென்ஸ் வெச்சுப் பாருங்க. வேற வேற ஊரு, வேற வேற அஸ்ஸேயர் பேரு, ஆனா ரெண்டுலயும் அதே உடைஞ்ச '5' இருந்தா ரெண்டும் ஒரே பட்டறையில இருந்து வந்ததுன்னு அர்த்தம். ஒப்பிட நம்பகமான சரக்கு வேணும்னா, தங்கம்தான்னாலும் 'சென்ட்ரல் அமெரிக்கா'ங்கிற கப்பல்ல இருந்து எடுத்த பாளங்களைப் பாருங்க. 1857-ல மூழ்கி 1988-ல கண்டுபிடிச்சது, நடுவுல யாரும் கை வைக்க வழியே இல்ல. அதெல்லாம் வெறும் நம்பரும் பேரும் விலையுமா இருக்கும், அலங்காரம் கிடையாது.

இந்தக் கணக்கெல்லாம் பெரும்பாலும் உதவாத ஒரு வகை இருக்கு: பரிசா கொடுக்க செஞ்ச குட்டிப் பாளம், இன்னாருக்கு அன்போடன்னு பொறிச்சது. விக்கிறதுக்குப் பண்ணின பாளம் பெரும்பாலும் அப்பவே உருகிடுச்சு, குடும்பத்துல தங்கினது அதிகமா இந்த மாதிரிதான், அதனாலயே போலி பண்றவங்களுக்கும் இதுதான் வசதி. இதுக்கு, பேர் பொறிச்ச ஆள் அந்த வருஷம் அந்த ஊர்ல இருந்தாரான்னு பழைய ஊர் டைரக்டரி, பத்திரிகையில தேடிட்டு, அவர்கிட்ட இருந்து இன்னிக்கு வரைக்கும் யார் யார் கைமாறி வந்துச்சுன்னு காகிதமா கேளுங்க.