ஃபைலில் இருந்த வார்த்தைகளும் வலிக்கு விட்ட மூச்சும்

முதல் பிரசவத்துக்குத் தயாராகும் பெண்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். மூச்சுப் பயிற்சி கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் அதற்கு முன்னால் உங்கள் ஃபைலில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மனதில் பயம் இருக்கும்வரை உடம்பு எந்தப் பயிற்சிக்கும் ஒத்துழைக்காது.

எங்களுக்குத் தஞ்சாவூர் பக்கம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்து, கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் பதிவு எண்ணான பிக்மி எண்ணை வாங்கினேன். பிரசவம் அரசு மருத்துவமனையில்தான் என்று முதலிலேயே முடிவு. பதியப் போன அன்றே நர்சம்மா கேட்டது, "கடைசியா எப்பம்மா குளிச்சே?" மாதவிலக்கு தொடங்கிய நாளைத்தான் அப்படிக் கேட்பார்கள். ஃபைலில் அதுதான் எல்.எம்.பி. அதோடு ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டினால் இ.டி.டி., அதாவது உத்தேசப் பிரசவத் தேதி. ஜனவரி 1 என்றால் அக்டோபர் 8. மொத்தம் 280 நாள், 40 வாரம். கரு தரிப்பது ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்துத்தான் என்றாலும் கணக்கு இங்கிருந்தே தொடங்கும். 37 வாரம் முடிந்துவிட்டால் நிறைமாதக் குழந்தைதான். அந்தத் தேதியிலேயே பிறந்தாக வேண்டும் என்று வீட்டில் யாரும் காலண்டரைப் பார்த்துக் கவலைப்பட வேண்டியதில்லை.

முதல் பிரசவக்காரி என்பதால் என் அட்டையில் 'பிரைமி' என்று இருந்தது. ஐந்தாம் மாத ஸ்கேனில் 'பிளாசன்டா ஆன்டீரியர்' என்று போட்டிருந்தார்கள். நஞ்சுக்கொடி கர்ப்பப்பையின் முன்பக்கச் சுவரில் ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான். அப்படி இருந்தால் அசைவு கொஞ்சம் தாமதமாகத் தெரியும் என்று டாக்டர் சொன்ன பிறகுதான், அக்காவுக்குத் துடித்த மாதத்தில் எனக்கு ஏன் துடிக்கவில்லை என்ற கவலை போனது. ஏழாம் மாதத்தில் 'பிரீச்'. குழந்தை தலை மேலே, இடுப்பு கீழே. அந்தச் சமயத்தில் நிறையக் குழந்தைகள் அப்படித்தான் இருக்கும், 36 வாரத்துக்குள் பெரும்பாலும் தானாகவே திரும்பிவிடும் என்றார்கள். திரும்பிய பிறகு 'செஃபாலிக்', அதாவது தலை கீழே, என்று வந்தது.

எல்லாவற்றையும்விட எங்கள் வீட்டைக் கலக்கியது கடைசி ஸ்கேன். கழுத்தில் தொப்புள்கொடி ஒரு சுற்று, தளர்வாக இருக்கிறது என்று எழுதியிருந்தது. கொடி சுற்றிப் பிறந்தால் மாமனுக்கு ஆகாது என்று ஆச்சி சொல்ல, என் தம்பி முகம் வாடிவிட்டது. அவன் தைரியசாலிதான், இருந்தாலும் அன்று ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை. கொடி சுற்றியிருப்பது சர்வசாதாரணம். குழந்தைக்கு ரத்தமும் ஆக்சிஜனும் கொடி வழியாகத்தான் போகின்றன; வயிற்றுக்குள் அது மூக்கால் மூச்சு விடுவதில்லை. தளர்வாக இருந்தால் தலை வெளியே வந்ததும் விலக்கிவிடுவார்கள். இதை டாக்டர் ஆச்சியையும் உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார். ஒரு கர்ப்பிணி இருக்கும் வீட்டில், அதுவும் கூடப்பிறந்தவனை வைத்துக்கொண்டு, இப்படிப்பட்ட பேச்சை எடுக்கவே கூடாது என்பது என் கருத்து.

இனி பயிற்சிக்கு வருகிறேன். அரசு மருத்துவமனையின் யோகா பிரிவில் கர்ப்பிணிகளுக்கு இலவசமாகவே சொல்லிக்கொடுத்தார்கள். அந்த யோகா டாக்டர் முதலில் காரணத்தை விளக்கினார். பயந்தால் தசை இறுகும், தசை இறுகினால் வலி கூடும், வலி கூடினால் பயம் இன்னும் ஏறும். கிராண்ட்லி டிக்-ரீட் என்ற பிரிட்டிஷ் மகப்பேறு மருத்துவர் 1930களிலேயே இதைச் சொல்லியிருக்கிறாராம். இந்தச் சங்கிலியை எங்கேயாவது ஓரிடத்தில் அறுக்க வேண்டும். நம் கையில் இருப்பது தசையும் மூச்சும்தான்.

மூக்கால் நான்கு எண்ணும்வரை இழுத்து, வாயால் ஆறு எண்ணும்வரை விட வேண்டும். உள்ளே போவதைவிட வெளியே வருவது நீளமாக இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். மூச்சை அடக்கவே கூடாது. அப்புறம் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து, கால்விரலில் தொடங்கி ஒவ்வொரு பகுதியாக இறுக்கி விடுவது. பாதம், தொடை, கை, தோள், கடைசியில் முகம். இறுக்கித் தளர்த்தும்போதுதான் தளர்வு எப்படி இருக்கும் என்று உடம்புக்கே புரிகிறது. தாடையைக் கடிக்காதே, பல்லோடு பல் படாமல் வை என்று அந்த டாக்டர் திரும்பத் திரும்பச் சொன்னார்.

பயிற்சிக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அரசு மருத்துவமனைகளில் பிரசவ அறைக்குள் துணைக்கு ஒரு பெண் இருக்கலாம். தமிழ்நாட்டில் 2004 முதலே இந்த ஏற்பாடு உண்டு. கணவர் எவ்வளவு நன்றாகக் கற்றுக்கொண்டாலும் அங்கே வாசலோடு நிற்க வேண்டியதுதான். யார் உள்ளே வருவார்களோ அவர்களோடு பழகுங்கள்.

நிறைமாதத்தில் ஒரு ராத்திரி வயிறு கல்லாக இறுகியது. ஆச்சி சீரகக் கஷாயம் வைத்துக் கொடுத்து, "சூட்டு வலின்னா அடங்கிடும், பார்ப்போம்" என்றார். நடந்தேன், படுத்தேன், அடங்கிவிட்டது. மருத்துவத்தில் இந்தப் பொய்வலிக்கு பிராக்ஸ்டன் ஹிக்ஸ் என்று பெயர். நிஜ வலி எப்படிப் படுத்தாலும் அடங்காது. நேரம் போகப் போக நெருங்கி நெருங்கி வரும். பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் பட்டாலோ, அசைவு குறைந்தாலோ கஷாயத்துக்குக் காத்திருக்காமல் உடனே கிளம்பிவிட வேண்டும்.

எனக்கு நிஜ வலி விடியற்காலையில் இடுப்பில் பிடித்தது. பிரசவ அறையில் சிஸ்டர் வயிற்றில் கை வைத்து, கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடத்துக்கு எத்தனை வலி வருகிறது என்று எண்ணினார். "ரெண்டு விரல்தான் திறந்திருக்கு, எழுந்து நடம்மா" என்றார். கர்ப்பப்பை வாய் 10 செ.மீ. திறக்க வேண்டும், முதல் பிரசவத்தில் ஆரம்பத் திறப்பு மெதுவாகத்தான் நடக்கும் என்று முன்பே கேட்டு வைத்திருந்ததால் மனம் உடையவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண் அதே வார்த்தையைக் கேட்டு, இன்னும் திறக்கவே இல்லையாமே என்று அழுதுகொண்டிருந்தாள்.

வலி ஏறும், உச்சிக்குப் போகும், இறங்கும். ஏறத்தாழ ஒரு நிமிடம். ஏறும்போதே மூச்சைத் தொடங்கிவிட வேண்டும். உச்சியில் போய்த் தொடங்கினால் பிடி கிடைக்காது. அம்மா என் இடுப்புக்குக் கீழே, முதுகெலும்பு முடியும் இடத்தில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். தேய்க்கவில்லை, அழுத்தம் மட்டும். "விடு... விடு... தாடையை விடு கண்ணு" என்று காதருகே சொல்லிக்கொண்டே இருந்தார். வலி குறையவில்லை. ஆனால் இரண்டு வலிக்கு நடுவில் கிடைத்த இடைவெளியில் என்னால் முழுசாக ஓய்வெடுக்க முடிந்தது. சில தடவை தூங்கியே போனேன்.

முழுதாகத் திறப்பதற்கு முன்பே முக்க வேண்டும் போலிருந்தது. "இப்ப முக்காதே, ஊது" என்றார் சிஸ்டர். சின்னச் சின்ன மூச்சாக ஊதினேன். எனக்கு அதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம்.

அக்காவுக்கு சிசேரியன் ஆனது. எபிடூரல் ஊசி போட்டு வலியில்லாமல் பெற்ற தோழியும் இருக்கிறாள். இருவருமே என்னைப் போலவே பெற்றவர்கள்தான், யாரையும் ஒரு படி குறைத்துப் பேச நான் சம்மதிக்க மாட்டேன். சிசேரியனுக்கு முன்னால் மரத்துப்போக முதுகில் ஊசி போடும்போது உடம்பை வளைத்து அசையாமல் உட்கார இதே மூச்சுதான் கைகொடுத்தது என்று அக்கா சொன்னாள்.

நஞ்சு விழுந்து, தையல் போடும் நேரத்தில் பலர் பயிற்சியை மறந்துவிடுகிறார்கள். அப்போதும் நீளமாக மூச்சை விட்டுத் தொடையைத் தளர்த்தினால் தையல் சுலபமாக முடியும். பிறகு பால் கொடுக்கும்போதெல்லாம் அடிவயிறு சுருட்டிப் பிடிக்கும். கர்ப்பப்பை சுருங்கிப் பழைய நிலைக்குப் போகிற வலி அது, சில நாளில் போய்விடும். அதற்கும் நான்கு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விட்டேன்.