லென்ஸ் பரிசோதிக்க ராமேஸ்வரம் தீவுக்கு

வடபழனி, சாலிகிராமம் பக்கத்து அவுட்டோர் யூனிட்களில் (கேமரா வாடகைக்குத் தரும் நிறுவனங்கள்) புது சினி லென்ஸ் செட் வந்து இறங்கினால், ஏசி அறைச் சுவரில் கூர்மை பார்க்கும் கோடுகள் அச்சிட்ட சார்ட் ஒட்டி, எதிரே கேமராவை நிறுத்திப் பார்ப்பார்கள். நடுவில் கூர்மை இருக்கிறதா, ஓரத்தில் இருக்கிறதா என்பது அதில் தெரிந்துவிடும். லென்ஸ் நம்மைக் கைவிடுவதோ வேறு இடங்களில். கடலின் அடிவானம் வில்லாக வளைகிறது. வெயிலில் கறுப்புச் சட்டை பழுப்பாக மாறுகிறது. ஃபோகஸ் வளையத்தை 'முடிவிலி' (மிகத் தொலைவு) என்று குறித்த கோட்டில் வைத்தும் தூரத்துக் கோபுரம் மங்கலாகவே நிற்கிறது. இவை எல்லாவற்றையும் இரண்டே நாளில் பார்த்துவிட ராமேஸ்வரம் தீவைவிட நல்ல இடம் தமிழ்நாட்டில் கிடையாது. நேர்க்கோடு, வெண்மணல், உப்புக் காற்று, கிழக்கே திறந்த கடல் எல்லாம் சுமார் 30 கிலோமீட்டருக்குள் கிடைக்கின்றன.

ஜனவரி முதல் மார்ச் வரை போவது நல்லது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று தனுஷ்கோடி மணலை வாரி அடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை. சென்னையிலிருந்து ரயில் இருக்கிறது. ஆனால் ஐந்தாறு பெட்டி சாமான் என்றால் வேன்தான் வசதி. முக்காலி வைத்து சினிமா கேமராவில் எடுப்பதற்கு அனுமதி வேண்டும் என்பதால் மாவட்ட நிர்வாகத்திடம் முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிடுங்கள். பக்கத்தில் உச்சிப்புளியில் கடற்படை விமானதளம் இருக்கிறது. அனுமதி இல்லாமல் டிரோனைப் பெட்டியிலிருந்து வெளியே எடுக்கவே வேண்டாம். கோயிலுக்குள் கேமரா கூடாது. நீண்ட பிரகாரத்தைக் கணக்கில் வைத்துத் திட்டம் போடாதீர்கள்.

கிளம்பும் முன் அறையிலேயே ஒரு வேலை. ஒவ்வொரு லென்ஸையும் 5, 10, 20 அடியில் டேப் வைத்துப் பார்த்து, வளையத்துக் குறி எங்கே விழுகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். டேப்பை லென்ஸின் முன்பக்கத்திலிருந்து பிடிக்கக் கூடாது. கேமரா உடலில் சென்சார் தளத்துக்கு ஒரு குறி இருக்கும், அங்கிருந்து பிடிக்க வேண்டும். இந்தத் தாள் கையில் இல்லாவிட்டால், தீவில் காணும் பிழை லென்ஸுடையதா, பயணத்தில் ஏற்பட்டதா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

முதல் நிறுத்தம் பாம்பன். சாலைப் பாலத்தின் மேல் வண்டியை நிறுத்தாமல் இறங்கி, பாம்பன் ஊர்ப் பக்கக் கரைக்குப் போய்விடுங்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய செங்குத்துத் தூக்கு ரயில் பாலம் அங்கிருந்து கண்ணுக்கு எட்டும். ஒரே மாதிரித் தூண்களும் கர்டர்களும் ஃபிரேமின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வரிசையாக ஓடுவதால், எந்தச் சார்ட்டையும்விட இது நேர்மையான சார்ட். லென்ஸ் துவாரத்தின் திறப்பைக் குறிக்கும் டி எண்ணை (எண் கூடக் கூடத் துவாரம் மூடும்) டி 2.8, டி 4, டி 5.6 என்று மாற்றிப் பத்துப் பத்து விநாடி எடுங்கள். நடுவில் உள்ள கர்டரும் ஓரத்தில் உள்ள கர்டரும் எந்த டி எண்ணில் ஒரே கூர்மைக்கு வருகின்றன என்பதைத்தான் குறிக்க வேண்டும். வானத்துக்கு எதிரே கம்பிகளின் விளிம்பில் ஊதா, பச்சை நூல் ஓடுகிறதா என்றும் பாருங்கள். டி 4-க்கு மூடியதும் மறைந்தால் பொறுத்துக்கொள்ளலாம். மூடியும் ஓரத்தில் மட்டும் நின்றால் அது லென்ஸின் பிறவிக் குணம். டிஐயில் (படப்பிடிப்புக்குப் பின் கணினியில் படத்தைத் திருத்தும் கட்டம்) போக்க நேரமும் பணமும் செலவாகும்.

புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்ஸேன் பெயின்ட்டும் போட்டது இந்த உப்புக்காற்றுக்குப் பயந்துதான். ஃபோகஸ் வளையத்தைத் திருப்பும் ஃபாலோ ஃபோகஸிலும், லென்ஸுக்கு முன்னால் ஃபில்டரைத் தாங்கும் மேட் பாக்ஸிலும் இருக்கிற சாதாரண இரும்புத் திருகுகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. மலிவான துணைக்கருவியை இரண்டு நாள் இங்கே வைத்துவிட்டு மூன்றாம் நாள் திருகுகளைப் பாருங்கள். எது வாங்கத் தக்கது என்று தெரிந்துவிடும்.

அடுத்தது கந்தமாதன பர்வதம், ராமர் பாதம். தீவிலேயே உயர்ந்த மேடு. அங்கிருந்து 323 மீட்டர் உயர டிவி கோபுரம் தெளிவாகத் தெரியும். முடிவிலியைச் சரிபார்க்க இதுதான் இலக்கு. லென்ஸை முழுக்கத் திறந்து, வளையத்தை முடிவிலிக் கோட்டில் வைத்து, மானிட்டரில் பெரிதாக்கிப் பாருங்கள். பிறகு கோட்டை மறந்துவிட்டுக் கண்ணால் ஃபோகஸ் பிடித்து, வளையம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இல்லையென்றால் முதல் சந்தேகம், ஒரு வகை மவுண்ட் லென்ஸை வேறு வகைக் கேமராவில் பொருத்தும் அடாப்டர் மேல். சினி லென்ஸ்களின் பிஎல் மவுண்டிலிருந்து (லென்ஸைப் பூட்டும் வளையம்) சென்சாருக்கு 52 மிமீ தூரம். சோனி ஈ மவுண்டில் 18 மிமீ, கேனன் ஆர்எஃப்பில் 20 மிமீ. நடுவில் உள்ள மிச்சத்தை நிரப்புவது அடாப்டர். அது 0.02 மிமீ தடித்திருந்தால் என்ன ஆகும்? குவியத் தூரத்தின் வர்க்கத்தை அந்தப் பிழையால் வகுத்தால் விடை வரும். 25 மிமீ லென்ஸில் 625-ஐ 0.02-ஆல் வகுத்தால் 31,250 மிமீ. அதாவது முடிவிலியில் வைத்த லென்ஸ் உண்மையில் 31 மீட்டரில் ஃபோகஸ் ஆகி நிற்கிறது. 18 மிமீ என்றால் 16 மீட்டர். இதே அடாப்டரில் 100 மிமீ லென்ஸ் 500 மீட்டரைக் காட்டும், யாரும் கவனிக்க மாட்டார்கள். அதனால்தான் 'செட்டில் 25 மட்டும் சாஃப்ட்டா இருக்கு சார்' என்ற புகார் திரும்பத் திரும்ப வருகிறது. பெரும்பாலும் லென்ஸ் நன்றாகவே இருக்கும். அகலக் கோண லென்ஸ் எல்லாம் ஒரே பக்கம் தப்பினால் அடாப்டரையோ மவுண்டையோ ஷிம் (மெல்லிய தகடு) போட்டுச் சரிசெய்யச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் தப்பினால் அந்த லென்ஸைத் திருப்பி அனுப்புங்கள். அடாப்டர் மெலிந்திருந்தால் வளையம் முடிவிலியைத் தாண்டிப் போகும். ஃபோகஸ் கிடைத்துவிடுவதால் பிழை கண்ணில் படாது, ஆனால் எல்லாக் குறியும் பொய்யாகிவிடும். ஷாட் ஓடும்போது ஃபோகஸை மாற்றும் உதவியாளரான ஃபோகஸ் புல்லர் குறியை நம்பி இழுக்கும் ஷாட்டில்தான் அது வெளியே வரும்.

இனி தனுஷ்கோடி. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 2017-இல் போட்ட 9.5 கிலோமீட்டர் சாலை, இரு பக்கமும் கடல். மாலைக்குப் பிறகு உள்ளே விட மாட்டார்கள். நேரத்தைச் சோதனைச் சாவடியில் கேட்டுக்கொண்டு, காலையிலேயே போய்விடுங்கள். 1964 டிசம்பர் புயல் விட்டுவைத்த தேவாலயச் சுவர்கள் வழியில் வரும். பவளக்கல் என்பதால் ஒவ்வொரு அங்குலமும் துளையும் சொரசொரப்புமாக இருக்கும். செட்டில் உள்ள லென்ஸ்களின் நிறம் ஒத்துப்போகிறதா என்று பார்க்க இந்தச் சுவரின் நிழல் பக்கம் பொருத்தமானது. சாம்பல் நிற அட்டையான கிரே கார்டைச் சாத்தி, வெள்ளைச் சமநிலையை 5600 கெல்வினில் பூட்டி, எல்லா லென்ஸையும் டி 4-இல் எடுங்கள். முதலில் எடுத்த லென்ஸைக் கடைசியில் இன்னொரு தடவை எடுக்க மறக்கக் கூடாது. அந்த இரண்டும் வேவ்ஃபார்மில் (மானிட்டரில் ஒளி அளவைக் காட்டும் வரைபடம்) ஒத்துப்போகவில்லை என்றால் மாறியது வெளிச்சம். அந்த வரிசை முழுவதையும் திரும்ப எடுக்க வேண்டும். இந்த ஒரு காரியத்தைச் செய்யாததால் நல்ல லென்ஸ்கள் 'மஞ்சள் அடிக்குது' என்று பெயர் வாங்குகின்றன.

அரிச்சல்முனையில் வேலை அடிவானத்தோடு. அடிவானத்தை ஃபிரேமின் நடுவில் வைத்தால் எந்த லென்ஸும் நேராகவே காட்டும். மேல் மூன்றில் ஒரு பங்குக்கும், பிறகு கீழ் மூன்றில் ஒரு பங்குக்கும் கொண்டுபோங்கள். மேலே வைத்தபோது குன்று போலவும், கீழே வைத்தபோது கிண்ணம் போலவும் வளைந்தால் பீப்பாய் வளைவு. டிஐயில் எளிதாக நிமிர்த்திவிடலாம். நடுவில் வளைந்து ஓரத்தில் திரும்பவும் மடங்கினால் அது மீசை வளைவு. விஎஃப்எக்ஸ் ஷாட் நிறைய உள்ள படத்துக்கு அந்த லென்ஸை எடுக்காமல் இருப்பதே நல்லது.

படத்தை அகலவாக்கில் சுருக்கிப் பதிந்து பிறகு விரிக்கும் அனமார்ஃபிக் லென்ஸ் என்றால் இன்னொரு சோதனையும் உண்டு. வட்டமான எவர்சில்வர் தட்டின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டி, 3 அடி, 6 அடி, 15 அடியில் ஃபிரேம் நடுவில் பிடிக்கச் சொல்லுங்கள். 1.33 மடங்கு விரித்த பின் 15 அடியில் தட்டு சரியான வட்டமாக இருக்கிறது, 3 அடியில் அகலம் உயரத்தைப்போல் 1.08 மடங்கு இருக்கிறது என்று வையுங்கள். கிட்டத்தில் அந்த லென்ஸின் உண்மையான சுருக்கம் 1.23 தான். குளோஸப்பில் நாயகியின் கன்னம் வீங்கித் தெரிவதற்குக் காரணம் இதுதான், மேக்கப் அல்ல.

நடுப்பகலில், வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர்கள். ஐஎஸ்ஓ 800, 24 ஃபிரேம், 180 டிகிரி ஷட்டர் என்றால் தெளிந்த வெயிலில் எஃப் 64 வரை மூட வேண்டியிருக்கும். டி 2.8-இல் எடுக்க 9 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதி) குறைக்க வேண்டும், ஸ்டாப்புக்கு 0.3 வீதம் என்டி 2.7. வெண்மணலும் நீரும் இன்னும் ஒரு ஸ்டாப் கேட்கும், 3.0 கொண்டுபோங்கள். இவ்வளவு கனமான என்டியில் கண்ணுக்குத் தெரியும் ஒளி குறைகிறதே தவிர அகச்சிவப்பு உள்ளே வந்துவிடுகிறது. கறுப்புக் குடை, கறுப்புப் பேன்ட், கேமரா பை மூன்றையும் மணலில் வைத்து, என்டி இல்லாமலும் என்டி 2.1, 3.0-உடனும் எடுங்கள். துணி பழுப்பாகவோ அரக்காகவோ மாறினால் அந்த ஃபில்டரில் ஐஆர் தடுப்பு போதாது. பருத்தியைவிட செயற்கை இழைத் துணி இதை அதிகமாகக் காட்டும், அதனால் மூன்றும் வேண்டும். திருகி அடர்த்தியை மாற்றும் வேரியபிள் என்டியை இந்தக் கடலுக்குக் கொண்டுவருவதே தவறு. 24 மிமீக்குக் கீழே கடைசி இரண்டு ஸ்டாப்பில் வானத்தில் எக்ஸ் வடிவக் கறை விழும். அது போலரைசரும் என்பதால் கேமராவைப் பக்கவாட்டில் பேன் பண்ணும்போது வானத்தின் நீலமும் தண்ணீரின் பளபளப்பும் பாதியில் மாறும்.

காற்றில் மேட் பாக்ஸ் பாய்மரமாகிவிடும். 85 மிமீக்கு மேல் நடுக்கம் தெரிந்தால் வெயில் மறைக்கும் மேல் ஃபிளாக்கைக் கழற்றுங்கள். முக்காலிக் கால்களுக்கு அடியில் பலகை, நடுவில் 10 கிலோ மணல் மூட்டை. வயர்லெஸ் ஃபோகஸ் மோட்டாரைக் காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை காலிபரேட் செய்து பாருங்கள். மதியம் திணறினாலோ, 0.8 அளவுப் பல்சக்கரத்தில் நறநறவென்று சத்தம் வந்தாலோ மணல் ஏறிவிட்டது. ஓட்டிப் பார்க்காமல் உடனே நிறுத்தி, மென்மையான பிரஷ்ஷால் உலர்வாகத் துடைக்க வேண்டும். எண்ணெய் போட்டால் மணல் ஒட்டிக்கொண்டு பல்லைத் தின்னும்.

முன்கண்ணாடியில் உப்புப் படலம் படிவது கண்ணுக்குத் தெரியாது. ஒரே ஃபிரேமை மணிக்கு ஒருமுறை எடுத்து ஒப்பிட்டால் கறுப்பு மெல்ல மெல்லச் சாம்பலாவது தெரியும். அதை லென்ஸின் 'மென்மையான குணம்' என்று ரசித்துவிடக் கூடாது. உலர்துணியால் தேய்த்தால் உப்பு கோட்டிங்கைக் கீறும். முதலில் புளோயர், அப்புறம் பிரஷ், கடைசியில் லென்ஸ் திரவத்தை இரண்டு சொட்டு டிஷ்யூவில் விட்டுத் துடையுங்கள். கண்ணாடி மேல் நேராகச் சொட்டினால் விளிம்பு வழியாக உள்ளே இறங்கிவிடும்.

மறுநாள் விடியலில் அக்னி தீர்த்தக் கரை. லாட்ஜின் ஏசி அறையிலிருந்து லென்ஸை நேராக அங்கே எடுத்துப் போனால் பனி படிந்துவிடும். சில சமயம் உள் கண்ணாடியிலும் படியும், அது போக ஒரு மணி நேரம் ஆகலாம், அதற்குள் சூரியன் ஏறிவிடும். இரவே பெட்டியை ஏசி இல்லாத அறையில் வையுங்கள். முடியாவிட்டால் மூடிய பெட்டியை 45 நிமிடம் முன்னதாக வெளியே வைத்துவிட்டுப் பிறகு திறங்கள். சூரியனை ஃபிரேமுக்குள்ளும், ஓரத்திலும், சற்று வெளியேயும் வைத்து மூன்று விதமாக எடுங்கள். வெளியே இருக்கும்போது படம் முழுக்க வெளுத்தால் ஃபிளாக் போட்டும் எடுத்துப் பாருங்கள். ஃபிளாக் போட்டதும் கறுப்பு திரும்பினால் லென்ஸ் மேல் குற்றமில்லை. ஃபில்டர் போட்டபோது மட்டும் சூரியன் இரண்டாகத் தெரிந்தால் அது ஃபில்டரின் பிரதிபலிப்பு. சாய்க்கக்கூடிய டிரே உள்ள மேட் பாக்ஸாக இருந்தால் சில டிகிரி சாய்த்தால் போதும். சாயாத மேட் பாக்ஸுக்கு என்ன விலை சொன்னாலும் வாங்காதீர்கள்.

ஊர் திரும்பும் முன் இன்னொரு தடவை கந்தமாதனம் ஏறி, அதே கோபுரத்தில் முடிவிலியைப் பாருங்கள். முதல் நாள் குறித்த இடத்திலிருந்து நகர்ந்திருந்தால், வேனின் குலுக்கலில் உள்ளே ஏதோ தளர்ந்திருக்கிறது. லென்ஸ் சீரியல் எண், டி எண், ஃபில்டர், நேரம் எழுதிய தாளோடு அந்த லென்ஸைத் தனிப் பெட்டியில் வைத்து, நேராக லென்ஸ் டெக்னீஷியனிடம் கொடுங்கள். மற்றவற்றின் வெளிப்புறத்தைக் குடிநீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உலர்த்தி, புது சிலிக்கா ஜெல் போட்டு மூடுங்கள்.