தாத்தா கால் அளவுல ஒரு ஜோடி செருப்பு

ஆனி மாசம் பாதி தாண்டிட்டா போதும், ஆச்சிகிட்ட இருந்து போன் வந்துரும். சின்ன வயசுல எங்க அப்பாவுக்கு இன்லண்ட் லெட்டர் வரும், அப்புறம் எஸ்டிடி, இப்ப அத்தை பொண்ணு போன்ல வாட்ஸ்அப் கால், ஆனா விஷயம் ஒண்ணுதான். 2024லயும் அப்படித்தான். "எய்யா, இந்த வருசம் ஆடி அமாவாச ஞாயித்துக்கெழம வருது, மொத நாள் சனிக்கெழம பதினெட்டாம் பெருக்கு, ரெண்டும் சேந்து வருது பாத்துக்கோ, புள்ளைகளுக்கு பள்ளிக்கூடம் இருக்குன்னு சொல்லிராத." 86 வயசு. எனக்கு ஆபீஸ் லீவு எத்தனை பாக்கி இருக்குன்னு எனக்கே தெரியாது, அவங்களுக்கு அமாவாசை எந்தக் கிழமைன்னு ஆறு மாசம் முன்னாடியே தெரியும்.

எங்க குலதெய்வம் சொரிமுத்து அய்யனார். பாபநாசத்துக்கு மேல, காரையார் போற வழியில, காட்டுக்குள்ள தாமிரபரணி ஆத்தங்கரையில இருக்குற கோயில். ஆடி அமாவாசைதான் அங்க பெரிய திருவிழா. திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி பக்கத்து ஜனங்க குடும்பம் குடும்பமா வந்து ஆத்தங்கரையில குடில் போட்டுத் தங்கி, சமைச்சு, குளிச்சு, சாமி கும்பிட்டுட்டுப் போவாங்க. மத்தவங்களுக்கு ஊட்டி கொடைக்கானல் மாதிரி எங்க வீட்டுக்கு டூர்னா அது இதுதான், வேற டூர் எங்க தாத்தா காலத்துல கிடையாது.

தாத்தா சேரன்மகாதேவி பக்கம் விவசாயம் பாத்தவர். எங்க வயலுக்கு கன்னடியன் கால்வாய் தண்ணி. கார் போகத்து நெல் நடவு முடிஞ்சதும் மாட்டு வண்டியில சட்டி பானை, அரிசி, விறகு எல்லாத்தையும் ஏத்திக்கிட்டு கிளம்புனா பத்து நாள், பன்னிரண்டு நாள் காட்டுலதான் இருப்பாங்களாம். சாமி கும்பிடுறது ஒரு பக்கம், அணையில தண்ணி எவ்வளவு நிக்குதுன்னு பாத்துட்டு வர்றது இன்னொரு பக்கம். காரையார் அணை மொத்தம் 143 அடி, அதுல எத்தனை அடி நிரம்பியிருக்குன்னு தெரிஞ்சாதான் அந்த வருஷம் கார் அறுக்கலாமா, அடுத்த போகமான பிசானத்துக்கு மிச்சம் இருக்குமான்னு அவருக்கு மனசு அடங்கும். அய்யனார் முன்னாடி நின்னு அவர் கேக்குறதும் அதைத்தான். "தண்ணி குடு"ன்னு சத்தமாவே கேப்பாரு, நான் பக்கத்துல நின்னு கேட்டிருக்கேன்.

2022 ஐப்பசியில தாத்தா போயிட்டாரு. துக்க வீடுன்னு ஒரு வருஷம் கோயிலுக்குப் போகக் கூடாது, அதனால 2023ல நாங்க போகல. அதனால 2024தான் அவர் இல்லாம நாங்க கோயிலுக்குப் போன முதல் ஆடி அமாவாசை.

இங்க அந்தச் செருப்பு விஷயத்தைச் சொல்லணும். சொரிமுத்து அய்யனார் கோயில்ல பட்டவராயன் சந்நிதி உண்டு. வேண்டிக்கிட்டவங்க அங்க தோல் செருப்பு கொண்டு வந்து கட்டுவாங்க. ராத்திரி பட்டவராயன் அதைப் போட்டுக்கிட்டு காட்டைச் சுத்தி காவல் பாக்குறாருன்னும், அடுத்த வருஷம் வந்து பாத்தா செருப்பு தேஞ்சிருக்கும்னும் நம்பிக்கை. எங்க வீட்டுல மூணு வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு ஜோடி கட்டுறது வழக்கம், அதுவும் வீட்டுல பெரிய ஆம்பளையோட கால் அளவுலதான் தைக்கணும். அதுக்கு தாத்தா ஒரு பழைய மாசக் காலண்டர் தாளை வச்சிருந்தாரு, 1994 வருஷத்துது. அதோட பின்பக்கம் ஏறி நின்னு கால் சுத்தி கோடு போட்டு, அந்தத் தாளை அப்படியே செருப்பு தைக்கிறவர்கிட்ட கொடுத்துருவாரு.

இந்தத் தடவை யார் கால் அளவுன்னு பேச்சு வந்துச்சு. அப்பா, "அண்ணந்தான மூத்தவன், அவன் காலுக்குத் தைக்கட்டும்"னாரு. பெரியப்பா தாளை விரிச்சு தரையில போட்டு, காலைத் தூக்கினவரு அப்படியே எடுத்துட்டாரு. "என்னால இதுமேல மிதிக்க முடியல"ன்னு சொல்லிட்டு திண்ணைக்குப் போயிட்டாரு. 60 வயசு மனுஷன், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு உக்காந்துட்டாரு.

ஆச்சி அந்தத் தாளை எடுத்து மடியில வச்சுக்கிட்டாங்க. நான் அப்பதான் அதைக் கிட்டத்துல பாக்குறேன். ஒரு கால் இல்ல, ஒண்ணுக்கு மேல ஒண்ணா நாலஞ்சு கால். உள்ள இருக்குறது பென்சில் கோடு, மங்கிப்போச்சு. அதுக்கு வெளிய நீல மை. அதுக்கும் வெளிய எங்க அத்தை பையனோட ஸ்கெட்ச் பேனா சிவப்பு. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சம் அகலம் கூடியிருக்கு, கடைசி சிவப்புக் கோட்டுல சுண்டுவிரல் இருக்குற இடம் தனியா உப்பிப்போய் இருக்கு. தாத்தாவுக்கு சுகர், கடைசிக் காலத்துல பாதம் ரெண்டும் வீங்கித்தான் இருந்துச்சு. ஆச்சி விரலை வச்சு அந்த உள்கோட்டை மெதுவா ஒரு சுத்து தடவினாங்க. "இதத் தைக்கச் சொல்லு. வயலு காடுன்னு நடந்து திரிஞ்ச காலு இதுதாம்லா." அவ்வளவுதான், முடிவாயிருச்சு.

தாளோட நான் அம்பாசமுத்திரம் போனேன். தைக்கிறவர் தாளைப் பாத்ததுமே, "பட்டவராயனுக்கா?"ன்னு கேட்டாரு. எந்தக் கோடுன்னு காட்டினேன். கட்டைவிரலால ரெண்டு தடவை அளந்துட்டு, வீட்டுல போட்டுக்கிற செருப்பை விட அடித்தோல் தடிமனா வச்சுத் தர்றேன்னாரு. நடக்குற சாமி இல்லையா.

முன்ன மாதிரி இப்ப வண்டி கட்டிக்கிட்டு இஷ்டத்துக்குப் போய்த் தங்க முடியாது. களக்காடு முண்டந்துறை 1988ல புலிகள் காப்பகம் ஆச்சு, அதுக்குள்ளதான் கோயில் இருக்கு. திருவிழாவுக்கு சில நாள் மட்டும்தான் தங்க அனுமதி, பிளாஸ்டிக் கொண்டு போகக் கூடாது, திருவிழா சமயத்துல சொந்த வண்டிக்குக் கட்டுப்பாடு, அகஸ்தியர்பட்டியில இறங்கி அரசு பஸ்லதான் போகணும். எங்க சித்தப்பா முதல்லயே போய் குடில் போட்டுட்டாரு, நாங்க வெள்ளிக்கிழமை பஸ்ல போனோம். எங்க சொந்தத்துல இந்தக் கட்டுப்பாட்டைத் திட்டுறவங்க உண்டு. எனக்கு அப்படித் தோணல, காடு இருந்தாத்தான் ஆறு, ஆறு இருந்தாத்தான் இந்தச் சாமியும் எங்க வயலும். அதைவிட எனக்கு வருத்தம், குளிச்சுட்டு கட்டியிருந்த துணியை அப்படியே ஆத்துல விட்டுட்டுப் போற பழக்கம். பாவம் போகும்னு யாரு சொல்லிக் கொடுத்தாங்களோ, தண்ணிக்குள்ள காலை வச்சா சேலையும் வேட்டியும் காலைச் சுத்துது. குடிக்கிற தண்ணிய்யா அது, புன்னக்காயல்ல கடல்ல சேர்ற வரைக்கும் அத்தனை ஊரும் குடிக்குது. எங்க வீட்டுப் பிள்ளைங்ககிட்ட ஈரத்துணியைப் பிழிஞ்சு பையில போட்டு வீட்டுக்குக் கொண்டு வரணும்னு கண்டிப்பா சொல்லியிருக்கோம்.

செக்போஸ்ட் தாண்டி மலை ஏற ஆரம்பிச்சதும் போன்ல சிக்னல் ஒவ்வொரு கோடா குறைஞ்சு போயிருச்சு. என் பையனுக்கு 11 வயசு, கொஞ்ச நேரம் போனை ஜன்னல் பக்கம் நீட்டி நீட்டிப் பாத்தான், அப்புறம் ரோட்டோரத்துல குரங்கு கூட்டத்தைப் பாத்ததும் போனை அம்மாகிட்ட கொடுத்துட்டான்.

ஒரே தார்ப்பாய்க்குக் கீழ 17 பேர். மொத நாள் சாயங்காலமே சாரல். ஆடிச் சாரல் சத்தமில்லாம பெய்யும், நனைஞ்சது தெரியாது, ஆனா விறகு நனைஞ்சா அடுப்பு பத்தாது. பெரியப்பா கல்லு கூட்டி, ஊர்ல இருந்து கொண்டு வந்த காஞ்ச தென்னம்பாளையை வச்சு எப்படியோ பத்த வச்சுட்டாரு. மொத நாள் கூட்டாஞ்சோறுதான், அது தாத்தா போட்ட சட்டம். அரிசி பருப்போட கத்தரிக்கா, முருங்கக்கா, வாழக்கா, மாங்கா, கடைசியில முருங்கைக்கீரை, தேங்கா சீரகம் அரைச்ச மசாலா. ஒவ்வொரு வீட்டுல இருந்தும் ஒரு காய் வரணும், யாரு எதுன்னு ஆச்சி போன்லயே சொல்லிருவாங்க. தேங்கா துருவுறது பேரன்மாரு வேலை, 30 வருஷமா துருவுறேன், இப்ப எம்பையன் என் பக்கத்துல உக்காந்து துருவுறான். தாத்தா இருந்த வரைக்கும் உப்பு பாக்குறது அவரு. அன்னைக்கு பானையை இறக்கப் போற நேரத்துல எல்லாரும் ஒரு நிமிஷம் சும்மா நின்னோம், யாரும் கரண்டியை எடுக்கல. அப்புறம் ஆச்சி, "ஏட்டி, நீ பாரு"ன்னு எங்க அத்தைகிட்ட சொன்னாங்க. அத்தை உள்ளங்கையில ஒரு சொட்டு விட்டு நக்கிப் பாத்துட்டு, "சரியா இருக்கும்மா"ன்னாங்க. கொஞ்சம் உப்பு கம்மிதான், நான் சொல்லல, யாருமே சொல்லல.

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நாங்க ஒண்ணா கூடத்தான் செய்றோம். ஆனா அங்க ஆளுக்கொரு ரூம், டிவி, போன், சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் முகம் பாத்துக்கிறது. இங்க அப்படி முடியவே முடியாது, தண்ணி எடுக்க ஆள் வேணும், அடுப்பு அணையாம பாக்க ஆள் வேணும், குரங்கை விரட்ட ஆள் வேணும், ராத்திரி ஆச்சியைக் கைப்பிடிச்சு வெளிய கூட்டிட்டுப் போக ஆள் வேணும். ரெண்டு வருஷமா வரப்புத் தகராறுல எங்க சித்தப்பாவும் பெரியப்பாவும் தேவைக்கு மேல பேசிக்கிறது இல்ல. அங்க ஒரே பாயில பக்கத்துல பக்கத்துல படுத்தாங்க, இடம் அவ்வளவுதான். தகராறு தீந்துச்சுன்னு சொல்ல மாட்டேன், தீரல. ஆனா காத்துல தார்ப்பாய்க் கயிறு அவுந்தப்போ ராத்திரி ரெண்டு மணிக்கு ரெண்டு பேரும்தான் எந்திரிச்சு டார்ச் பிடிச்சு கட்டினாங்க.

ராத்திரி பூரா எந்தப் பக்கம் திரும்பினாலும் மேளம், உடுக்கை, வில்லுப்பாட்டு. தூக்கம் வராத பிள்ளைங்களுக்கு ஆச்சி பட்டவராயன் கதை சொன்னாங்க. பட்டவராயனோட பேரு முத்துப்பட்டன், பிராமண வீட்டுப் பிள்ளை, காட்டு வழியில செருப்பு தைக்கிற வாலப்பகடையோட பொண்ணுங்க பொம்மக்கா, திம்மக்காவைப் பாத்து ஆசைப்பட்டு கல்யாணம் கேக்குறாரு. எங்களை மாதிரி ஆனாத்தான் பொண்ணுன்னு மாமனார் சொல்ல, பூணூலை அறுத்து, குடுமியை எடுத்து, தோல் தைக்கப் படிக்கிறாரு. கல்யாணத்து ராத்திரியே மாட்டைத் திருடிட்டுப் போறாங்கன்னு சேதி வருது, போய்ச் சண்டை போட்டு மாட்டை மீட்டுட்டாரு, ஆனா ஆத்துல ரத்தம் கழுவும்போது ஒளிஞ்சிருந்த ஒருத்தன் பின்னால இருந்து குத்திட்டான். ரெண்டு பொண்ணுங்களும் அவரோட தீயில இறங்கிட்டாங்க. ஆச்சி இதைச் சொல்லும்போது என் பொண்ணு, "அவர் தைக்கக் கத்துக்கிட்ட செருப்பைத்தான் நாம அவருக்குக் கொடுக்குறோமா பெரியாச்சி?"ன்னு கேட்டா. இத்தனை வருஷமா இந்தக் கதையைக் கேக்குறேன், எனக்கு அப்படிக் கேக்கத் தோணினதே இல்ல. பொண்டாட்டிக்காக சாதியை விட்டுட்டு வந்தவரைக் கும்பிடுற இடம் எங்க கோயில், எனக்கு அது ரொம்பப் பெரிய விஷயம்.

ஞாயித்துக்கிழமை விடியக்காலம் அப்பா, பெரியப்பா, சித்தப்பா மூணு பேரும் ஆத்துல முங்கி எள்ளும் தண்ணியும் விட்டாங்க. தண்ணி அவ்வளவு சில்லுனு இருந்துச்சு, பெரியப்பா கை நடுங்கினது குளிருக்குத்தானான்னு தெரியல. ஈரவேட்டியோட நேரா அய்யனார் சந்நிதி, மகாலிங்கம், சங்கிலிப் பூதத்தார், கடைசியா பட்டவராயன். போற வழியில மணிவிழுங்கி மரத்தைப் பிள்ளைங்களுக்குக் காட்டினேன். நேர்த்திக்கடனுக்குக் கட்டின மணிங்களைச் சுத்தி மரம் வளர்ந்து, பட்டை அப்படியே மூடிருது. ஒரு மணியோட விளிம்பு மட்டும் நகம் அளவு வெளிய தெரிஞ்சுது, என் பொண்ணு அதைத் தொட்டுத் தொட்டுப் பாத்தா.

பட்டவராயன் கிட்ட நூத்துக்கணக்குல செருப்பு தொங்குது. புதுத்தோல் வாசனையும் மழையில ஊறின பழைய தோல் வாசனையும் கலந்து அடிக்குது. ஆச்சி ஜோடியை வாங்கி, ரெண்டு உள்ளங்கையிலயும் ஒவ்வொண்ணா வச்சு கொஞ்ச நேரம் நின்னாங்க, அப்புறம் பெரியப்பாகிட்ட கொடுத்தாங்க. அவரு கட்டினாரு.

சாயங்காலம் பூக்குழி, அதாவது தீமிதி. சிங்கம்பட்டி ஜமீன்தார் முருகதாஸ் தீர்த்தபதி இருந்த வரைக்கும் இந்தத் திருவிழாவுல தலைப்பாகை, ராஜ உடையோட தர்பார்ல உக்காந்திருப்பாரு, சின்ன வயசுல தாத்தா தோள்ல உக்காந்து அவரைப் பாத்திருக்கேன். 2020ல அவரும் போயிட்டாரு. கூட்டத்துல எம்பையனுக்குத் தெரியலன்னு தோள்ல தூக்கிக்கிட்டேன், நல்ல கனம், இருந்தாலும் பூக்குழி முடியுற வரைக்கும் இறக்கல.

மறுநாள் குடிலைப் பிரிச்சு, குப்பையெல்லாம் பொறுக்கி மூட்டை கட்டி பஸ்ல ஏறினோம். ஆச்சி பக்கத்துல உக்காந்த எம்பையன் கேட்டான், "பெரியாச்சி, தாத்தா செருப்பு நெசமாவே தேயுமா?" ஆச்சி, "அடுத்த வருசம் வந்து நீயே பாருல"ன்னாங்க. 2025ல ஆடி அமாவாசை ஜூலை 24, வியாழக்கிழமை. பஸ் பாபநாசம் வந்து சிக்னல் கிடைச்சதும் நான் செஞ்ச முதல் வேலை, அந்தத் தேதியை ஆபீஸ்ல லீவு கேட்டு மெயில் போட்டதுதான்.