குருப்பட்டத்துக்கு ஆள் பார்க்கும்போது

நன்றாகப் பிரசங்கம் பண்ணுகிறார் என்பதற்காகவே ஒருவரைக் குருத்துவ ஊழியத்துக்கு அனுப்பிவைப்பது சபைகள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறு. புதிய ஏற்பாட்டு நிருபமான 1 தீமோத்தேயுவில் 3-ஆம் அதிகாரம் 2 முதல் 7 வரையுள்ள வசனங்களைப் பாருங்கள். கண்காணியின், அதாவது சபையை மேற்பார்க்கிறவரின், தகுதிகளாக அங்கே வருபவற்றில் திறமை என்று சொல்லத்தக்கது ‘போதகசமர்த்தன்’ (நன்றாகப் போதிக்கக்கூடியவர்) ஒன்றுதான். வீட்டை நன்றாய் நடத்துவதையும் சேர்த்தால் இரண்டு. மற்றதெல்லாம் குணம். சண்டைபோடாதவர், பண ஆசை இல்லாதவர், தெளிந்த புத்தியுள்ளவர். மேடையில் இவை எதுவும் தெரியாது.

“தேவன் என்னை அழைத்தார்” என்று வருகிறவரிடம் தேர்வுக் குழு வாதாடவும் வேண்டாம், அதைக் கேட்டதுமே தலையாட்டவும் வேண்டாம். எத்தனை வருடமாக இந்த எண்ணம் நிற்கிறது? நீங்கள் சொல்வதற்கு முன்பே வேறு யாராவது இதை உங்களிடம் கவனித்துச் சொன்னார்களா? வேலை போன சூட்டில் பிறந்த அழைப்பும், ‘பிறக்குமுன்னே பொருத்தனை பண்ணிவிட்டோம்’ என்று பெற்றோர் மட்டுமே சொல்லும் அழைப்பும் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் பொறுத்துப் பார்க்க வேண்டியவை. மெதடிஸ்டுகள் என்ற புராட்டஸ்டண்ட் பிரிவினர் 1746 மாநாட்டிலேயே இதற்கு மூன்று அளவுகோல் வைத்தார்கள்: கிருபை, வரம், கனி. மூன்றாவதுதான் நழுவிப்போகிறது. இவரால் யாருக்கு என்ன நன்மை நடந்தது என்று கேட்டால் குறிப்பாகப் பதில் வர வேண்டும். “வாலிபர் கூட்டம் நடத்தினேன்” என்பது செய்த வேலை, கனி ஆகாது.

ஆயர், அதாவது சபைப் போதகர், தரும் சான்றுக்கடிதத்தை அதிகம் நம்பாதீர்கள். ‘பக்தியுள்ளவர், தாழ்மையுள்ளவர்’ என்றுதான் எல்லாக் கடிதமும் சொல்லும். ‘புறம்பானவர்களால் நற்சாட்சி’ என்று அதே அதிகாரத்தின் 7-ஆம் வசனம் கேட்பதால், சபைக்கு வெளியே அவரோடு வேலை செய்தவரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். கணக்கை நேரத்துக்கு ஒப்படைப்பாரா, தனக்குக் கீழே இருப்பவரிடம் எப்படிப் பேசுவார், சொன்ன ரகசியத்தைக் காப்பாரா என்று நேராகக் கேளுங்கள். கடன் விவரமும் வேண்டும். கடன் இருப்பது குற்றமில்லை, மறைப்பதுதான் ஆபத்து. பிள்ளைகளோடு பழகும் ஊழியம் என்பதால், பின்னணி விசாரணையில் யாருக்கும் சலுகை கூடாது; ஆயரின் மகனுக்கும்தான்.

கத்தோலிக்கத் திருச்சபையில் வயது, மனைவியின் சம்மதம் போன்றவை சட்டமாகவே இருக்கின்றன. 1983-இன் திருச்சபைச் சட்டத் தொகுப்புப்படி குருவாக 25 வயதும், குருத்துவத்தை நோக்கிச் செல்லும் திருத்தொண்டருக்கு (குருவுக்கு முந்தைய படியில் இருப்பவர்) 23 வயதும் நிறைந்திருக்க வேண்டும். இரண்டு பட்டங்களுக்கும் நடுவே குறைந்தது ஆறு மாதம் இடைவெளி வேண்டும். மணமானவர் நிரந்தரத் திருத்தொண்டராக (குருவாகாமல் அந்தப் படியிலேயே இருப்பவர்) 35 வயதோடு மனைவியின் சம்மதமும் தேவை. மற்றச் சபைகளும் இந்தச் சம்மதத்தை ஒப்புக்குக் கேட்காமல், கணவனையோ மனைவியையோ தனியாக உட்காரவைத்துக் கேட்பது நல்லது. எதிரில் துணை இருந்தால் “எனக்குச் சந்தோஷம்தான்” என்பதைத் தவிர வேறு பதில் வராது.

நேர்காணலில் நான் மிகவும் மதிக்கும் கேள்வி ஒன்று: “உங்களுக்கு ஒத்துப்போகாத ஒரு ஆயரைப் பற்றிச் சொல்லுங்கள்.” சிலர் பத்து நிமிடம் குற்றப்பட்டியல் வாசிப்பார்கள். சிலர் “எல்லாரும் நல்லவர்கள்” என்று நழுவுவார்கள். இரண்டுமே கவலைக்குரியவை. என்ன கருத்துவேறுபாடு, அவர் பக்கம் இருந்த நியாயம் என்ன, தன் பக்கத்துப் பிழை என்ன என்று மூன்றையும் சொல்பவரிடம் பிற்காலத்தில் ஒரு சபைச் சண்டையை ஒப்படைக்கலாம். கூட்டு விவாதம் வைத்தால், விண்ணப்பித்தவரை அவர் பேசும்போது பார்ப்பதைவிட அடுத்தவர் பேசும்போது பாருங்கள். கேட்கிறாரா, அல்லது தன் முறைக்குக் காத்திருக்கிறாரா?

வேதாகம அறிவு, இசை, மொழி எல்லாம் இறையியல் கல்லூரியில் வளரும். குணம் அப்படியல்ல: இருபத்தெட்டு வயதில் திருத்தினால் கோபப்படுகிறவர், பட்டம் பெற்றபின் திருத்துவார் யாருமில்லாத இடத்துக்குப் போகிறார்.

தயங்கினால் ‘இப்போது வேண்டாம்’ என்றே சொல்லுங்கள். ‘ஒருவன்மேலும் சீக்கிரமாய்க் கைகளை வையாதே’, அதாவது அவசரப்பட்டு யாருக்கும் பட்டம் கொடுக்காதே, என்பது 1 தீமோத்தேயுவிலேயே 5:22. ஆனால் “ஜெபித்துக்கொண்டிருங்கள்” என்று மட்டும் சொல்லி அனுப்புவது கொடுமை. என்ன குறை, அதற்கு என்ன செய்ய வேண்டும், யார் வழிகாட்டுவார், மறுபடி எப்போது வரலாம் என்பதை எழுதிக் கையில் கொடுங்கள். மறுமுறை வரும்போது அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு பேச்சைத் தொடங்கலாம்.